இரண்டு ஆற்றுக்கு நடுவே நாய், பூனை, கொல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, கல்லணை வரை நடுவில் கிடக்கும் நீளமான நிலம் ஸ்ரீரங்கம் தீவு. கோயிலைச் சுற்றித்தான் தெரு நெரிசல். கிழக்கே உத்தமர்சீலி, கிளிக்கூடு பக்கம் போனால் வாழையும் தென்னையுமாக வேறு ஊர். ஓய்வு பெற்றபின் ஒரு நாய், இரண்டு பூனை, கொஞ்சம் கொல்லை என்று இருந்துவிடலாமென்று வந்தவர்களில் நானும் ஒருவன். கீழே சொல்லும் தவறுகளில் பாதி நானே செய்தவை.

செடிக்கு ஒரு கணக்கு, நாய்க்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகப் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். என் தென்னையில் புதுக்குருத்து கத்தரிக்கோலால் வெட்டிய விசிறி மாதிரி விரிந்தது. காண்டாமிருக வண்டின் வேலை. ஆமணக்குப் புண்ணாக்கு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, வாயகன்ற பானையில் மரத்தடியில் வைத்தால் வண்டு வந்து விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வைத்தேன். வண்டு விழுந்தது. ஆனால் அந்த வாடைக்கு வண்டு மட்டுமா வரும்? எங்கள் நாய் நடுராத்திரியில் பானையைக் கவிழ்த்து நக்கிவிட்டது. மறுநாள் வாந்தி, சாயங்காலம் ரத்தமாகக் கழிச்சல். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் என்ற நஞ்சு எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி உடம்பைத் தாங்கிப் பிடிக்கலாம், அவ்வளவுதான். மூன்று நாள் டிரிப்ஸில் கிடந்து பிழைத்தது. அப்புறம் தேங்காய் பறிக்க வந்தவர் பானையைப் பார்த்துவிட்டு, "ஏன் சார், நாய் இருக்கிற வீட்டுல இதைப் போய் தரையில வைப்பாங்களா?" என்றார்.

இப்போது வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்குமாகக் கலந்து, மேல் மூன்று மட்டைகளின் இடுக்கில் போடச் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வண்டுக்கு வழி காட்டியதே நான்தான். எருக்குழியைத் தென்னையின் காலடியில் வெட்டியிருந்தேன், அந்த வண்டு முட்டையிடுவதே மக்கும் எருவில்தான். குழியைத் தள்ளி வையுங்கள், அடிக்கடி கிளறுங்கள். வெள்ளையாக, குண்டாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைக் கோழிகள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அதே கோழிகளைக் கீரைப்பாத்திப் பக்கம் விட்டால், அப்புறம் பாத்தி இருக்காது.

எலும்புத்தூள் உரமும் நாய்க்குப் பிடித்த வாடைதான். மேலாகத் தூவினால் செடியோடு தோண்டி எடுத்துவிடும். பூஜைக்கென்று வைக்கும் அரளியில் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். நம் மாநில மலர் செங்காந்தளின் கிழங்கும் அப்படித்தான். அழகுக்கு வைக்கும் சைகஸின் கொட்டையை நாய்க்குட்டி கடித்தால் ஈரல் கெட்டுவிடும். இவற்றை வெட்டி எறிய வேண்டியதில்லை, விலங்குகள் போகாத வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.

பூனைக்கு நாமே மருந்து எடுத்துக் கொடுக்காமல் இருப்பது நல்லது. நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனையைக் கொல்லும். காய்ச்சலாயிற்றே என்று பாரசிட்டமால் கொடுப்பதும் அதே முடிவுதான்.

தண்ணீர் விஷயத்தில் புதிதாக வருகிறவர்கள் ஆற்றை மறந்துவிடுகிறார்கள். வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் கிணற்று மட்டமும் ஏறும். மேல் மண் காய்ந்து கிடக்கும், ஒரு முழம் கீழே ஈரம் நிற்கும். பழக்கதோஷத்தில் தினமும் ஹோஸ் பிடித்தால் முதலில் போவது பப்பாளி, அதன் வேர் இரண்டு நாள் தேங்கலைக்கூடத் தாங்காது. மேட்டுப்பாத்தி போடுங்கள், விரலை மண்ணில் விட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

வெள்ளம் வேறு கதை. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துப் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்து அணை அது. கரையோரப் படுகையில் வீடு என்றால், தண்ணீர் திறப்பு அறிவிப்பு வந்த அன்றே நாயின் சங்கிலியை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட நாய்க்கு நீந்தத் தெரிந்து என்ன பயன்? படுகையில் தண்ணீர் ஏறினால் பாம்பும் மேட்டுக்கு வரும், உங்கள் வீடுதான் மேடு. சுவரை ஒட்டி வாழைச்சருகும் உடைந்த ஓடும் குவித்து வைத்தால் கண்ணாடி விரியனுக்கு இடம் போட்டுக் கொடுத்த மாதிரி. கடிபட்ட நாய்க்குக் கீறிவிடுவது, கயிறு கட்டுவது எல்லாம் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எந்த மருத்துவரிடம் விஷமுறிவு மருந்து இருக்கிறது என்று மழைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-ஐயும் போனில் போட்டுவையுங்கள்.

கிளி வளர்ப்பதைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பச்சைக்கிளியையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு கொய்யா வைத்தால் போதும், கிளி தானாக வரும். பாதிப் பழம் அதற்கு, மீதி அணிலுக்கு. நமக்குக் கிடைப்பது அணில் கடித்துப் போட்டது, அது இனிப்பாகத்தான் இருக்கும்.

கடைசியாக, நல்ல மனசோடு செய்கிற ஒரு தவறு. தொட்டியில் வளர்த்த மீன் பெரிதாகிவிட்டால், பாவம் பிழைத்துப் போகட்டும் என்று படித்துறையில் கொண்டுபோய் விடுகிறார்கள். தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னட்டும் என்று வாங்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. உடம்பெல்லாம் தகடும் முள்ளும், வலையில் சிக்கினால் வலை கிழியும், சாப்பிடவும் யாரும் வாங்குவதில்லை. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுங்கள். காவிரியில் மட்டும் விடாதீர்கள்.