ஓஸ்துனிக்கு ஒரு நாள் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓஸ்துனியில், பழைய ஊருக்கு ஏறும் தெருமுனையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. ஓட்டியவர் மேலே இருந்த மின்பலகையை நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த மனைவியிடம் ஏதோ சொன்னார். அப்புறம் உள்ளே போய்விட்டார். நான் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன், அவர் கவனிக்கவில்லை. 2017இல் சென்னையிலிருந்து முதல்முறை வந்தபோது நானும் இதே தவறைத்தான் செய்தேன்.

தெற்கு இத்தாலியின் புல்யா பகுதியில், ஆலிவ் தோப்புகள் நிறைந்த சமவெளிக்கு மேலே, மூன்று குன்றுகளின் மீது இருக்கிறது இந்த வெள்ளை ஊர். கடல் அங்கிருந்து சுமார் 8 கிலோமீட்டர். நான் இப்போது பாரி நகரத்தில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் இங்கே கூட்டிப்போவது வழக்கம். தொப்பி, தண்ணீர், சன்ஸ்கிரீன் எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

‘அத்திவோ’ என்றால் திறந்திருக்கிறது என்று நினைப்பது

இத்தாலியின் பழைய ஊர்களில் வெளியார் வண்டிகள் நுழையக்கூடாத பகுதி ஒன்று இருக்கும். அதன் பெயர் ‘ட்சோனா த்ராஃபிகோ லிமிதாதோ’. சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டம்தான் அதன் அடையாளம். பக்கத்தில் மின்பலகை இருந்தால் ‘வார்கோ அத்திவோ’ என்று எழுத்து ஓடும். வார்கோ என்றால் வாயில், அத்திவோ என்றால் செயலில் இருக்கிறது. வாயில் செயலில் இருக்கிறது என்றால் போகலாம் என்றுதானே தோன்றும்? செயலில் இருப்பது கேமரா. அதாவது போகக்கூடாது. ‘நோன் அத்திவோ’ என்று வந்தால்தான் போகலாம். தடுப்புக் கம்பியும் இருக்காது, காவலரும் இருக்க மாட்டார். கேமரா உங்கள் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும், அவ்வளவுதான்.

நான் வாடகைக் காரில், செல்போன் வரைபடம் சொன்ன வழியில் போனேன். காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளும் சுவரை உரசுகிற சந்தில் மாட்டி, ஒரு பாட்டி வாசலில் நின்று கையைக் காட்டக் காட்ட ரிவர்ஸ் எடுத்து வெளியே வந்தேன். பார்க்கிங் தேடிச் சுற்றியதில் மறுபடியும் அதே வாயிலுக்குள் போய்விட்டேன். அன்றைக்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வாடகை நிறுவனம் என் கார்டில் 40 யூரோ எடுத்துக்கொண்டது. சரி, அபராதம் முடிந்தது என்று நினைத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். அது அபராதமே இல்லை. என் பெயரையும் முகவரியையும் போலீசுக்குக் கொடுத்ததற்கு அவர்கள் வாங்கிய கட்டணம். வாடகை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது, வண்டி கொடுத்தவர் வாய் திறந்து சொல்லவில்லை. அபராதத் தாள் சென்னைக்கு வந்தபோது எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒன்று அல்ல, இரண்டு தாள்கள், ஏனென்றால் அப்போது ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். ஏற்கெனவே கட்டியாகிவிட்டதே என்று இரண்டையும் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

தாள் கையில் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி உண்டு. 60 நாள் தாண்டினால் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனக்கு இரட்டிப்பானது. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப போலீசுக்கு 360 நாள் அவகாசம் இருக்கிறது. ஆகவே ஆறு மாதமாக ஒன்றும் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

காரை மலைக்குக் கீழே, புது ஊர்ப் பக்கம் விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள். தரையில் நீலக்கோடு என்றால் காசு கட்ட வேண்டும், வெள்ளைக்கோடு இலவசம், மஞ்சள்கோட்டில் நிறுத்தவே வேண்டாம். இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் வைத்திருக்க வேண்டும்.

ரயிலில் வந்தால் ஊருக்குள்ளேயே இறங்குவோம் என்று நம்புவது

ஸ்டேஷன் கீழே சமவெளியில் இருக்கிறது. மேலே போக பஸ் பிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸை நம்பாதீர்கள்.

மதியம் ஒரு மணிக்குப் போய்ச் சேர்வது

கடைகள் பாதி சாத்தியிருக்கும். நாலரை, ஐந்து மணிக்குத்தான் தெருவில் மறுபடியும் ஆள் நடமாட்டம் வரும். காலை ஒன்பதுக்கே மேலே இருங்கள்.

வழுக்கும் செருப்பு

வேண்டாம். தளக்கல் தேய்ந்து தேய்ந்து பளபளவென்று இருக்கிறது.

வெள்ளை ஊரை ஊருக்குள் தேடுவது

உள்ளே போய்விட்டால் தெரிவது சந்து, படிக்கட்டு, ஒரு துண்டு வானம். மொத்த ஊரும் ஒரே வெள்ளையாகக் குவிந்து தெரிய வேண்டுமென்றால் கடல் பக்கத்துச் சாலையிலிருந்து, காலை வெயிலில் பார்க்க வேண்டும். மாலையில் சூரியன் ஊருக்குப் பின்னால் போய்விடும். உள்ளே வந்த பிறகு சுவர்களைக் கிட்டே போய்ப் பாருங்கள். பொங்கலுக்கு நம் வீடுகளில் அடித்த அதே சுண்ணாம்புதான். பூச்சுக்கு மேல் பூச்சாக ஏறி, வாசற்படி ஓரங்களெல்லாம் கூர்மை போய் உருண்டிருக்கும். இருண்ட சந்துகளுக்கு வெளிச்சம் வேண்டும், கொள்ளைநோய் அண்டக்கூடாது என்று அடிக்க ஆரம்பித்த சுண்ணாம்பு இது. உச்சியில் இருக்கும் 15ஆம் நூற்றாண்டுப் பேராலயம் மட்டும் வெள்ளை அல்ல, வெயில் நிறக் கல். அதன் முகப்பு வட்ட ஜன்னலில் 24 ஆரங்கள். எண்ணிப் பாருங்கள்.

அந்தத் தாயைப் பார்க்காமல் திரும்புவது

பேராலயத்துக்கு ஏறும் வழியிலேயே, முன்பு கன்னியர் மடமாக இருந்த கட்டடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. பத்தில் ஒன்பது பேர் ஐஸ்கிரீமோடு அதைத் தாண்டிப் போகிறார்கள், எனக்கு மனசு ஆறுவதில்லை. 1991இல் ஊருக்கு வெளியே ஒரு குகையில் சுமார் 28,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. வயிற்றுக்குள் எட்டு மாதக் கருவின் சின்னஞ்சிறு எலும்புகள். அவளைப் புதைத்த கோலத்தை இங்கே அப்படியே காட்டியிருக்கிறார்கள். தலையில் கிளிஞ்சல்கள் கோத்த அணி. ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், ஒரு கை தலைக்கடியில், இன்னொரு கை வயிற்றின் மேல். என் அம்மாவைக் கூட்டிப்போனபோது அந்தக் கண்ணாடிக்கு முன்னால் இருபது நிமிடம் நின்றார்கள். அன்றைக்குப் பேராலயம் வரை நாங்கள் ஏறவே இல்லை.