காம்பஸ், வரைபடம், எட்டாம் வாய்ப்பாடு: நிலநடுக்கம் எங்கே தொடங்கியது?

2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. குஜராத்தின் கட்ச் பகுதியை உலுக்கிய அந்த நிலநடுக்கம் எங்கே தொடங்கியது என்று நாமே கண்டுபிடிக்கலாம். தலைப்பில் உள்ள மூன்றும் கையில் இருந்தால் போதும்.

நிலம் அதிரும்போது முதன்மை அலையும் (பி) இரண்டாம் நிலை அலையும் (எஸ்) ஒன்றாகவே புறப்படுகின்றன. நிலத்தின் மேலோட்டில் பி அலை வினாடிக்கு ஏறத்தாழ 6 கி.மீ. ஓடும்; எஸ் அலை சுமார் 3.5 கி.மீ.தான். கிலோமீட்டருக்கு 0.12 வினாடி வீதம் எஸ் பின்தங்கிக்கொண்டே போகும். அதாவது, இரண்டும் வந்துசேரும் நேரத்தில் 1 வினாடி வித்தியாசம் இருந்தால் தூரம் ஏறக்குறைய 8 கி.மீ. நிலநடுக்கம் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுகூடத் தெரிய வேண்டியதில்லை. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான்.

படி 1: இடைவெளியை அளப்பது

அதிர்வுமானிப் பதிவில் கோடு முதலில் மெல்ல நடுங்கும் இடம் பி. பிறகு சட்டென்று அகலமாக ஆடத் தொடங்கும் இடம் எஸ். ஆட்டத்தின் உச்சத்தைக் குறித்துவிடாதீர்கள், தொடக்கத்தைத்தான் குறிக்க வேண்டும். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

பயிற்சிக்காக நான் கணக்கிட்ட இடைவெளிகள் இவை, நிலையங்களின் பதிவு அல்ல: ராஜ்கோட் 17 வினாடி, அகமதாபாத் 30, உதய்பூர் 47.

படி 2: எட்டால் பெருக்குவது

முறையே 136, 240, 376 கி.மீ.

படி 3: வட்டம் போடுவது

1 செ.மீ.க்கு 50 கி.மீ. என்ற அளவுள்ள வரைபடத்தில் காம்பஸை ராஜ்கோட்டில் ஊன்றி 2.7 செ.மீ., அகமதாபாத்தில் ஊன்றி 4.8 செ.மீ. ஆரத்தில் வட்டம் இழுங்கள். இரண்டும் இரு இடங்களில் வெட்டும்: ஒன்று கட்சில், மற்றொன்று தெற்கே அம்ரேலிப் பக்கம். எது சரி? உதய்பூரிலிருந்து 7.5 செ.மீ. வட்டம் போட்டால் அது அம்ரேலியைத் தொடாமல், கட்சில் பச்சாவ் அருகே வந்து சேரும். மேல்மையம், அதாவது நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் உள்ள புள்ளி, அங்கேதான்.

மூன்றும் ஒரே புள்ளியில் கூடாமல் சின்ன முக்கோணம் விழுந்தால் பதற வேண்டாம். பென்சில் முனை மழுங்கி 1 மி.மீ. விலகினாலே 5 கி.மீ. பிசகிவிடும். தவிர, அலை கிளம்புவது மேல்மையத்தில் அல்ல, அதற்குக் கீழே பல கி.மீ. ஆழத்தில். நாம் அளப்பது சாய்வான தூரம்.

சில நூறு கி.மீ.க்கு அப்பால் எட்டாம் வாய்ப்பாடு செல்லாது. அலைகள் ஆழத்துக்கு இறங்கி வேகம் கூடிவிடும். அதற்குப் பயண நேர அட்டவணைதான் வேண்டும்.