ஃபோர்டு மாடல் ஏ காருக்குப் பாதுகாப்பான விசிறியைத் தேர்ந்து பொருத்துவது எப்படி?

1928 முதல் 1931 வரை தயாரான ஃபோர்டு மாடல் ஏ காரில், ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டே இதழ்கள் கொண்ட விசிறி சுழல்கிறது. மெல்லிய எஃகுத் தகடுகளை இணைத்து, ஸ்பாட் வெல்டிங் வைத்து, உள்ளீடற்றதாக அதைச் செய்திருந்தார்கள். எடை குறைவாகவும் காற்றை நன்கு இழுப்பதாகவும் இருந்த அந்த வடிவமைப்பு, அன்றைக்குச் சிறந்ததுதான். ஆனால் இடுக்குகள் வழியே உள்ளே புகும் ஈரம் வெளியேற வழியில்லாததால், பல பத்தாண்டுகளாகத் துரு உட்புறமிருந்தே தகட்டை அரித்து வந்திருக்கிறது. வெளியே பூசிய கறுப்பு பெயின்ட் அதை மறைத்துவிடுகிறது.

படி 1: விசையைக் கணக்கிடுங்கள்

எந்த விசிறியை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், இதழின் அடிப்பகுதி எவ்வளவு விசையைத் தாங்குகிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது. எடுத்துக்காட்டாக, ஓர் இதழின் எடை 300 கிராம், அதன் எடைமையம் விசிறி மாட்டியிருக்கும் வாட்டர் பம்ப் தண்டின் மையத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில், சுழற்சி நிமிடத்துக்கு 2,500 என்று வைத்துக்கொள்வோம். மையவிலக்கு விசை ஏறத்தாழ 2,470 நியூட்டன், அதாவது 250 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் இது நான்கு மடங்காகும். இதழ் முறிந்தால் மணிக்கு 110 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் பறந்து பானெட்டைத் துளைக்கலாம். எஞ்சிய ஒற்றை இதழோ அதே 250 கிலோ விசையால் வாட்டர் பம்ப் தண்டை உலுக்கி, ரேடியேட்டரையும் சிதைக்கலாம்.

ஒவ்வொரு முறை வேகம் ஏறி இறங்கும்போதும் இந்த இழுவிசையும் ஏறி இறங்குவதால், அடிப்பகுதியில் உலோகக் களைப்பு சேர்ந்து, நுண்ணிய விரிசல் தொடங்குகிறது.

படி 2: பழைய விசிறியைப் பற்றி முடிவெடுங்கள்

பெயின்டை நீக்கி, விரிசலுக்குள் ஊடுருவும் சிவப்புச் சாயத்தை (டை பெனட்ரன்ட்) தடவி, சற்று ஊறவிட்டுத் துடைத்தபின், உள்ளே தங்கிய சாயத்தை வெளியே உறிஞ்சும் வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாகத் தெரியும். ஆனால் இது மேற்பரப்புக்கு எட்டிய விரிசலை மட்டுமே காட்டும். உள்ளே தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டாது. ஆகவே சோதனையில் தேறினாலும் அந்த விசிறியைக் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டு, சாலையில் ஓடும் காருக்கு வேறொன்றை வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. விரிசலை வெல்டிங் வைத்து அடைப்பது அறவே கூடாது. வெல்டிங்கின் ஓரமே அடுத்த விரிசலுக்கு இடமாகும்.

படி 3: மாற்று விசிறியைத் தேர்ந்தெடுங்கள்

பழுது வெளியே தெரியும்படியான அமைப்பா என்பதே முதல் அளவுகோல். பழைய வடிவிலேயே திடமாக வார்க்கப்பட்ட அலுமினிய விசிறியில் ஈரம் தங்கும் உட்குழிவு இல்லை. ஆயினும் எஃகுக்கு இருப்பதுபோல, இதற்குக் கீழே விரிசலே விழாது என்று சொல்லத்தக்க தெளிவான களைப்பு எல்லை அலுமினியத்துக்குக் கிடையாது. தகைவு (உலோகத்துக்குள் எழும் அழுத்தம்) சிறிதாயினும், போதிய தடவை திரும்பத் திரும்ப வந்தால் விரிசல் விழக்கூடும். அதனால் இதழின் அடிப்பகுதி தடிப்பாகவும், ஹப்புடன் (விசிறியின் நடுப்பகுதி) சேரும் இடம் கூரிய மூலையின்றி வளைந்து இறங்குவதாகவும் இருக்க வேண்டும். அந்த இடத்தில் வார்ப்புத் துளையோ அரத்தின் கீறலோ இருந்தால் வாங்காதீர்கள்.

இதழ்கள் அதிகமுள்ள விசிறி, கார் மெதுவாகச் செல்லும்போது கூடுதல் காற்றைத் தரும். பெல்ட்டுக்கும் பேரிங்குக்கும் சுமையையும் கூட்டும். ரேடியேட்டரில் அடைப்பு இருந்தால் இது அதற்கு மருந்தாகாது.

படி 4: தண்டைச் சோதித்துப் பொருத்துங்கள்

விசிறி காற்றைப் பின்னோக்கித் தள்ளும்போது, எதிர்விசையால் தானே முன்னோக்கி, ரேடியேட்டரை நோக்கி இழுக்கப்படுகிறது. பம்ப் தண்டை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பம்பைச் சீர்செய்த பிறகே புதிய விசிறியை மாட்ட வேண்டும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால், எவ்வளவு உறுதியான விசிறியும் ரேடியேட்டரில் உரசிச் சேதமடையலாம்.

பொருத்துவதற்கு முன் விசிறியைக் கிடைமட்டமான கத்திமுனைத் தாங்கிகளில் வைத்துச் சமநிலை பாருங்கள். எப்போதும் ஒரே இதழ் கீழே இறங்கினால் அது கனமானது. அதன் நுனியில் மட்டும் சிறிதளவு தேய்த்துக் குறைக்கலாம். அடிப்பகுதியில் கை வைக்கக் கூடாது. பின்னர் நட்டை முறுக்கி, நட்டு கழலாமல் தடுக்கும் புதிய காட்டர் பின்னை மாட்டி, பெல்ட்டை அளவாக இறுக்குங்கள். கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எந்த இதழும் எங்கும் உரசவில்லை என்று பார்த்த பிறகு, பானெட்டை மூடி எஞ்சினை இயக்குங்கள்; வேகத்தைக் கூட்டும்போது விசிறி சுழலும் தளத்துக்கு நேராக, காரின் பக்கவாட்டில், யாரும் நிற்கக் கூடாது.