அமெரிக்க வட்டார ஓவியங்கள்: பார்ப்பவர்களும் வாங்குபவர்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1930களின் அமெரிக்க வட்டார ஓவியர்கள் என்றதும் மூன்று பெயர்கள் முன்னால் வரும்: அயோவாவின் கிரான்ட் வுட், மிசூரியின் தாமஸ் ஹார்ட் பென்டன், கேன்சஸின் ஜான் ஸ்டூவர்ட் கரி. உழவு, அறுவடை, ஞானஸ்நானம், சூறாவளி என்று தங்கள் மண்ணின் வாழ்க்கையைத் தீட்டியவர்கள். இவர்களைப் பற்றி எழுதும்போது நேரும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே நினைப்பிலிருந்து வருகின்றன: கண்ணில் பட்டதை அப்படியே வரைந்துவிட்டார்கள் என்பது.

'அமெரிக்கன் கோதிக்' (1930) படத்தில் நிற்பவர்கள் கணவன் மனைவி என்று இன்றும் எழுதுகிறார்கள். விவசாயியும் அவர் மகளும் என்பதே வுட் பின்னாளில் தந்த விளக்கம். மாதிரியாக இருந்தவர்களோ அவருடைய தங்கை நேன் வுட்டும், சீடர் ராப்பிட்ஸ் நகரப் பல் மருத்துவர் பைரன் மெக்கீபியும். இருவரும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்து கொடுத்தார்கள். படத்தில் பின்னால் தெரியும், எல்டன் ஊரிலுள்ள வீட்டின் முன் சேர்ந்து நின்றதே இல்லை. கவைக்கோலின் மூன்று முனைகள் விவசாயியின் மேலுடைத் தையலில் மறுபடி வருவதைக் கவனித்தால், படம் எவ்வளவு திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்று புரியும். இதைக் கான்வாஸ் ஓவியம் என்று குறிப்பிடுவதும் பிழை. மரக்கூழை அழுத்திச் செய்த அட்டைமேல் தீட்டிய எண்ணெய் வண்ணம் அது. உயரம் 78 செ.மீ., அகலம் சுமார் 65 செ.மீ. நேரில் பார்ப்பவர்கள் 'இவ்வளவு சின்னதா!' என்பார்கள்.

இவர்களை உலகம் அறியாத நாட்டுப்புறக் கைகள் என்று நினைப்பது அடுத்த தவறு. வுட் 1928இல் வண்ணக் கண்ணாடி ஜன்னல் வேலைக்காக மியூனிக் போனவர். அங்கே பார்த்த பழைய ஃபிளாண்டர்ஸ், ஜெர்மன் ஓவியங்களின் கூரிய விளிம்பும் வழவழப்பான பரப்பும்தான் பிறகு அவர் அயோவா வயல்களில் இறங்கின. பென்டனும் கரியும் பாரிஸில் பயின்றவர்கள். பள்ளிப் பயிற்சி இல்லாமல் முதுமையில் தூரிகை எடுத்த கிராண்ட்மா மோசஸ் வேறு மரபு. அவரை இவர்களோடு சேர்த்து ஒரே பெயரில் அடைக்கக் கூடாது.

வுட்டின் நிலக்காட்சிகளை ஆவணமாக வாசிப்பதுதான் மிகவும் வழி தவறவைக்கும். 'ஸ்டோன் சிட்டி' (1930) செழித்த விவசாய ஊர் போலத் தெரியும். உண்மையில் அது சுண்ணாம்புக்கல் குவாரி ஊர். போர்ட்லேண்ட் சிமென்ட் வந்ததும் தொழில் படுத்து, ஊரும் வெறிச்சோடிப்போனது. 'ஸ்பிரிங் டர்னிங்' (1936) படத்தில் குதிரை ஏர் உழுகிறது; அப்போது அயோவாவில் டிராக்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. 1933இல் கடனுக்காக நிலங்கள் ஏலம்போய், விவசாயிகள் கொதித்தெழுந்த மாநிலம் அது. அந்தக் கொதிப்பு இந்தப் படங்களில் இல்லை. வுட் எதை விட்டுவிட்டார் என்று கேட்காமல் அவரைப் பற்றி எழுதுவது பாதி வேலைதான். கரியின் 'பாப்டிசம் இன் கேன்சஸ்' (1928) கூட, சிறுவயது ஊரை நினைவில் வைத்துக் கிழக்குக் கரையின் கனெக்டிகட்டில் தீட்டப்பட்டது.

பென்டனின் வளைந்து நெளியும் உருவங்களைப் பார்த்து, வேகத்தில் போட்ட தூரிகை என்று முடிவு கட்ட வேண்டாம். ஊர் ஊராக அலைந்து பென்சில் கோட்டோவியங்கள் சேர்ப்பார். பிறகு களிமண்ணில் சிறிய மாதிரிக் காட்சி செய்து, ஒளியும் நிழலும் எப்படி விழுகின்றன என்று பார்ப்பார். அதன் பிறகே கட்டம் போட்டுப் பெரிதாக்குவது, முட்டைக்கரு கலந்த டெம்பரா வண்ணம் எல்லாம். 'அமெரிக்கா டுடே' (1930–31) சுவரோவியத்தின் பத்துப் பலகைகள் இப்படிப் பிறந்தவை.

சுவரோவியம் என்றதும் ஈரச் சாந்தில் தீட்டிய ஃபிரெஸ்கோ என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் காலத் தபால் நிலையச் சுவரோவியங்களில் பெரும்பாலானவை ஸ்டுடியோவில் கான்வாஸில் தீட்டி, சுருட்டி அனுப்பி, ஈய வெள்ளைப் பசையால் சுவரில் ஒட்டியவை. டார்ச்சைச் சுவரோரமாகப் பிடித்துச் சாய்வாக ஒளி பாய்ச்சினால் துணி நெசவு தெரியும். ஃபிரெஸ்கோ என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தால் வண்ணம் கெடும்; பழைய பசையைச் சுரண்டினால் ஈயத் தூசி கிளம்பும். இரண்டையும் பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு விட வேண்டும். இந்தச் சுவரோவியங்களை டபிள்யூ.பி.ஏ. (வொர்க்ஸ் புராகிரஸ் அட்மினிஸ்ட்ரேஷன்) ஓவியங்கள் என்று அழைப்பதும் பரவலான பிழை. டபிள்யூ.பி.ஏ. வேலையற்ற கலைஞர்களுக்குக் கூலி கொடுத்த நிவாரணத் திட்டம். தபால் நிலையங்களுக்கோ, கருவூலத் துறையின் ஓவிய, சிற்பப் பிரிவு 1934 முதல் 1943 வரை பெரும்பாலும் போட்டி வைத்து ஒப்பந்தம் கொடுத்தது.

எட்வர்ட் ஹாப்பரையும் நார்மன் ராக்வெல்லையும் இந்த மூவரோடு சேர்க்காதீர்கள். ஹாப்பர் நகரத் தனிமையின் ஓவியர். ராக்வெல் பத்திரிகை ஓவியர்.

வாங்குபவர்களுக்கு, கல்லில் வரைந்து தாளில் அச்சடித்த லித்தோ அச்சுகளில்தான் பணம் போகிறது. அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் 1934இல் இவற்றை 5 டாலருக்கு விற்கத் தொடங்கியது. வழக்கமாக 250 பிரதிகள், பென்சில் கையொப்பத்தோடு, பெரும்பாலும் வரிசை எண் இல்லாமல். ஆகவே எண் இல்லை என்பதாலேயே போலி என்று ஒதுக்க வேண்டாம். வுட்டின் 'சல்ட்ரி நைட்' (1939) படத்தில் நிர்வாண உருவம் இருந்ததால் தபாலில் அனுப்பத் தடை வந்தது. அதில் 100 பிரதிகளே அச்சாயின. பத்து மடங்கு காட்டும் லென்ஸில் பாருங்கள்: கல்லில் கிரேயானால் வரைந்தது ஒழுங்கற்ற பொடி மணிகளாகத் தெரியும். புள்ளிகள் சீரான வரிசையில் நின்றால் அது புத்தகத்திலோ காலண்டரிலோ வந்த மறுபதிப்பு.

ஃபிரேமுக்குப் பொருந்தவில்லையென்று தாளின் ஓரத்தை வெட்டினால் மதிப்பு சரியும். கையொப்பம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அமிலம் கலந்த சாதாரண அட்டை படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு போட்டுவிடும். அமிலமற்ற அட்டையைக் கேட்டு வாங்குங்கள். தாளை அட்டையில் முழுவதுமாக ஒட்டவிடாதீர்கள், மேல் விளிம்பில் மெல்லிய ஜப்பானியத் தாள் கீல்கள் இரண்டு போதும். மொத்தமாக ஒட்டியதைப் பிரிக்க முயன்றால் தாளின் மேல்தோல் உரிந்து வரும்.