கார்பெட் வீடும் தெள்ளுப்பூச்சியும்: திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிரித்தானியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அம்பாசமுத்திரத்திலோ வள்ளியூரிலோ பாளையங்கோட்டையிலோ வளர்ந்து, முதன்முறையாகப் பிரித்தானியாவில் வாடகை வீட்டுக்குக் குடிவருபவர்களுக்குக் குளிர்கோட்டு பற்றியும் பேருந்து அட்டை பற்றியும் சொல்லித் தரப் பலர் இருக்கிறார்கள். தெள்ளுப்பூச்சியைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் பூச்சி இருந்தது என்று சொல்லிக்கொள்ள நம்மவர்களுக்கு வெட்கம். அந்த வெட்கத்தால் நானும் ஒரு மாதத்தை வீணாக்கினேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் குடிவந்த வீடு அதற்கு முன் சில வாரங்கள் பூட்டிக் கிடந்தது. எங்களிடம் நாயும் இல்லை, பூனையும் இல்லை. ஆனாலும் மூன்றாம் நாளே கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள் தோன்றின. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, "ஏட்டி, வீட்டப் பெருக்குதியா இல்லியா?" என்றுதான் முதலில் கேட்டாள். நானும் அழுக்குதான் காரணம் என்று நம்பி, சமையலறையையும் குளியலறையையும் நாள்தோறும் தேய்த்துக் கழுவினேன். பூச்சிகள் இருந்ததோ வரவேற்பறைக் கார்பெட்டுக்குள். முன்பு குடியிருந்தவர்கள் இரண்டு பூனைகள் வளர்த்தார்கள் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அறிந்தேன்.

தெள்ளு அழுக்கைத் தேடி வருவதில்லை. உடற்சூடு, மூச்சுக்காற்றில் உள்ள கரியமில வாயு, காலடி பட்டு எழும் அதிர்வு ஆகியவையே அதை இழுக்கின்றன. நாயின் உடம்பிலும் பூனையின் உடம்பிலும் பெரும்பாலும் இருப்பது பூனைத்தெள்ளு என்ற ஒரே இனம்தான். பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டைகள் வரையிலும், சில வேளை அதற்கு மேலும் இடும். அவை விலங்கின் மயிரில் ஒட்டிக்கொள்ளாமல், அது படுக்கும் இடத்திலெல்லாம் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சிக் கார்பெட்டின் அடி நூலுக்குள் இறங்கி, பெரிய தெள்ளுகள் கழித்த உலர்ந்த இரத்தத் துகளைத் தின்று வளர்ந்து, பிறகு தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. வீட்டில் ஆளரவம் இல்லையென்றால் கூட்டுக்குள்ளேயே பல மாதங்கள் காத்திருக்கவும் அதனால் முடியும். ஆகவே பூட்டிக் கிடந்த வீட்டில் நீங்கள் பெட்டிகளை இறக்கிவைத்து நடக்கத் தொடங்கியதும், அந்த அதிர்வையும் சூட்டையும் உணர்ந்து, காத்திருந்தவையெல்லாம் ஏறத்தாழ ஒரே வேளையில் வெளிவருகின்றன. நம் கண்ணில் படும் தெள்ளுகள் மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரைக்குள் இருக்கும்.

ஊரில் இந்தத் தொல்லையை வீட்டுக்குள் நாம் அதிகம் அறியாததற்குக் காரணம் நம்முடைய தரை. சிவப்புச் சிமெண்டுத் தரையை வாளி நீர் ஊற்றிக் கழுவித் தள்ளுகிறோம். பத்தமடைப் பாயை உதறி வெயிலில் போடுகிறோம். நாய் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகிறது. புழு ஒளிய அங்கே இடமில்லை. ஈரம் வற்றினால் அது பிழைப்பதும் இல்லை. இங்கோ சுவர் முதல் சுவர் வரை கார்பெட்டும், குளிர் மாதங்களில் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரும் இருக்கின்றன. அதன்மேல் ஈரத்துணியை உலர்த்தி, சன்னலையும் சாத்திவிட்டு நாம் சோறு வடிக்கும்போது, குற்றாலத்துச் சாரல் காலம் போன்ற ஒரு ஈரப்பதத்தை வீட்டுக்குள் நாமே உண்டாக்கிவிடுகிறோம். சமைக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் சன்னலைச் சற்றுத் திறந்துவைப்பது, குளிர் காலத்திலும் பயனுள்ள பழக்கம்.

கடித்தது தெள்ளுதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தெள்ளுக்கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும். அதற்குச் சிறகில்லை, தரையிலிருந்து தாவித்தான் ஏற வேண்டும். படுக்கையில் கையிலும் கழுத்திலும் வரிசையாகக் கடி விழுந்தால் மூட்டைப்பூச்சியைத் தேட வேண்டும். உண்ணியோ தோலில் ஒட்டிக்கொண்டே இருக்கும், தாவாது. முழங்கால் வரை வெள்ளைக் காலுறை அணிந்து கார்பெட்டில் சிறிது நேரம் நடந்தால், கரும்பழுப்பு நிறத்தில் எள்ளைவிடச் சிறிய பூச்சிகள் அதில் ஏறுவதைக் காணலாம். கார்பெட்டில் கிடக்கும் கருந்துகளை நனைந்த வெள்ளைத் தாளில் வைக்க, அது செம்பழுப்பாகக் கசிந்தால் தெள்ளின் கழிவு என்று கொள்ளலாம்.

ஒழிக்கும் வேலையில் முதலிடம் வாக்கூம் கிளீனருக்கு. இரண்டு மூன்று வாரங்களுக்கு நாள்தோறும், சோபாவின் மடிப்பு, கட்டிலின் அடி, சுவரோரம் என எதையும் விடாமல் இழுத்து, சேர்ந்த குப்பையை அன்றே ஒரு பையில் கட்டி வெளித்தொட்டியில் போட வேண்டும். முட்டையும் புழுவின் உணவும் இதில் போகும். அதிர்வினால் கூட்டிலிருப்பவையும் வெளிவந்து அகப்படும். படுக்கை விரிப்புகளை அறுபது டிகிரி வெந்நீரில் துவைக்கவும். பிறகு வீட்டுக்கென விற்கும் தெள்ளு மருந்தைத் தெளிக்கலாம். பெரிய பூச்சியைக் கொல்லும் மருந்தோடு, முட்டையும் புழுவும் வளராமல் தடுக்கும் மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெளித்தபின் உலரும் வரை குழந்தைகளை அறைக்குள் விடக்கூடாது. மீன்தொட்டி இருந்தால் முன்னதாகவே அப்புறப்படுத்த வேண்டும், ஏனெனில் இம்மருந்துகளில் பல மீனைக் கொல்லும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். கூட்டுக்குள் இருப்பதை மருந்து தொடுவதில்லை. ஆகவே தெளித்த இரண்டு வாரத்துக்குப் பிறகும் புதிய தெள்ளுகள் தென்படும். மருந்து பொய்த்துவிட்டது என்று அந்த அறையைப் பூட்டிவிட்டு வேறு அறையில் படுக்கப் போகாதீர்கள். நடமாட்டம் இருந்தால்தான் அவை வெளிவந்து, காய்ந்த மருந்தின் மேல் நடந்து சாகும்.

அம்மா வேப்பிலையைத் தூவச் சொன்னாள்; அந்துருண்டையைக் கார்பெட்டின் மேல் போட்டுவைக்கச் சொன்னவர்களும் உண்டு. வேப்பிலை எங்கள் வீட்டில் வாசனைக்கு மேல் எதுவும் தரவில்லை. அந்துருண்டையைத் தரையில் போடவே கூடாது. அதை வாயில் போடும் குழந்தைக்கு ஆபத்து, அதன் ஆவியும் உடம்புக்கு ஆகாது. விளக்கின் அடியில் சோப்பு நீர்த் தட்டு வைப்பது பூச்சி இருப்பதைக் காட்டும், ஒழிக்காது.

பின்னாளில் பூனை வளர்க்க நேர்ந்தால், நாய்க்கென விற்கும் தெள்ளு மருந்தை மலிவு கருதி அதற்குப் பூசிவிடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனையின் உயிரைப் பறித்துவிடும். கால்நடை மருத்துவரிடம் எடையைச் சொல்லி உரிய மருந்தை வாங்கி, கோடை, குளிர் என்று பாராமல் ஆண்டு முழுவதும் கொடுங்கள்.

வீட்டு உரிமையாளருக்கு, அல்லது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்கு, பூச்சியைக் கண்ட அன்றே தேதியிட்டு எழுத்தில் தெரிவித்து, படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். நான் தொலைபேசியில் மட்டும் சொன்னேன். மாதக் கடைசியில் "அப்படி எதுவும் எங்களுக்கு வரவில்லையே" என்றார்கள், மருந்துச் செலவு முழுவதும் எங்கள் தலையில் விழுந்தது. நீங்கள் வருமுன்பே இருந்த பூச்சி என்றால் பொறுப்பு பெரும்பாலும் உரிமையாளருடையது; நீங்கள் கொண்டுவந்த விலங்கிலிருந்து வந்ததென்றால் உங்களுடையது. வீடு பார்க்கப் போகும்போதே, முன்பு இங்கே பூனையோ நாயோ இருந்ததா என்று கேட்டுவிடுவது எல்லாவற்றிலும் எளிது.

பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்துத் திரும்புகிறவர்கள், சென்ற ஆண்டு பூச்சி இருந்த வீடென்றால், பெட்டியைப் பிரித்து அல்வாவை எடுக்கும் முன் கார்பெட்டை ஒருமுறை வாக்கூம் செய்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள்.