முதல் மிக்-21 மாடல்: பசையைத் திறக்கும் முன்பே பாதி வேலை

ஆசைப்பட்டு, பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் போர் விமானக் கிட் ஒன்றை வாங்கி, பெட்டியைத் திறந்து பார்த்து மிரண்டு, அப்படியே பரண்மேல் வைத்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் இருப்பது கிருஷ்ணகிரியில். கிட், பசை, நிப்பர் (பாகங்களை வெட்டும் சின்னக் குறடு) மூன்றையும் ஆன்லைனில் வரவழைக்கிறேன். மற்றதெல்லாம் ஹார்டுவேர் கடையிலும் லாரி பெயிண்ட் கடையிலுமே கிடைத்துவிடும்.

முதல் கிட்டுக்கு என் சிபாரிசு 1/72 அளவு மிக்-21. ஒற்றை இன்ஜின், குழாய் போன்ற உடல், முக்கோண இறக்கை, குழப்பம் குறைவு. 1963-ல் நம் விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம் என்பதால், பார்த்துச் செய்யப் படங்களுக்கும் பஞ்சமில்லை. 1/72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலத்துக்குச் சுருங்கிவிடுவார். இந்தக் கணக்கை மறக்காதீர்கள், பின்னால் வேண்டும்.

முதல் வேலை கழுவுவது. பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, பிரிக்காமல் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டு அலசி நிழலில் காயவிடுங்கள். அச்சிலிருந்து கழலுவதற்குப் போட்ட எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது.

அடுத்தது வெட்டுவது. பாகத்தை ஒட்டி வெட்டாதீர்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தை பிளேடால் சீவி, வாட்டர் பேப்பரால் தேயுங்கள். அவசரப்பட்டு ஒட்ட வெட்டினால் அந்த இடம் வெளுத்துக் குழி விழும்.

இப்போது பசையைத் தொடாமல், செல்லோடேப்பால் உடலின் இரண்டு பாதிகளையும் இறக்கைகளையும் கட்டிப் பாருங்கள். எங்கே இடைவெளி, எது முட்டுகிறது என்று இப்போதே தெரிந்துவிடும். முட்டுகிற இடத்தைத் தேய்த்துவிட்டுத் திரும்பக் கட்டிப் பாருங்கள். அப்படியே பின்சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரலால் தாங்கினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் தெரியும். வால் பக்கம் சாய்ந்தால் மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். எங்கள் ஊர் கே.ஆர்.பி. அணைப் பக்கம் மீன் பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டு இதற்குப் போதும். ஆனால் ஈயத்தை ஃபெவிகால் போட்டு ஒட்டக் கூடாது. வருடங்கள் போகப் போக ஈயம் அரித்து, உப்பி, உடலையே பிளந்துவிடும். எம்-சீலில் புதைத்துவிடுங்கள், பிறகு கையைக் கழுவுங்கள். என்னைக் கேட்டால் சைக்கிள் பேரிங் குண்டே மேல். எடை கொஞ்சம் குறைவுதான், தொல்லை இல்லை.

அடுத்து இறக்கையின் பின் விளிம்பு. கிட்டில் அது ஒரு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால், நிஜ அளவில் 7.2 சென்டிமீட்டர். போர் விமான இறக்கை அம்மிக்கல் போலவா இருக்கும்? மேல் கீழ் பாதிகளை ஒட்டும் முன், 400 நம்பர் வாட்டர் பேப்பரைக் கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, தண்ணீர் தொட்டு, பாதிகளின் உட்புறத்தைத் தேயுங்கள். வெளிப்புறம் தேய்த்தால் பேனல் கோடுகள், அதாவது தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடுகள், அழிந்துவிடும். அரை மணி நேர வேலைதான். வெளியே தனியாக விற்கும் உலோகத் தகடு பாகங்களை விட இது மாடலைத் தூக்கிக் காட்டும்.

சரி, பசை. மாடல் பசை நாம் வீட்டில் பயன்படுத்தும் பசை போல அல்ல. அது பிளாஸ்டிக்கையே உருக்கி ஒன்றாக்குகிறது. தண்ணீர் மாதிரி மெல்லியதை வாங்குங்கள். பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, இணைப்பின்மேல் பிரஷ்ஷைத் தொட்டாலே போதும். தானாக உள்ளே ஓடும். லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மெல்லிய இழையாக வெளியே பிதுங்க வேண்டும். அப்படியே ஒரு நாள் விட்டுவிட்டு, பிறகு அந்த இழையைத் தேய்த்தால் கோடு காணாமல் போகும். விரல் இணைப்பின்மேல் இருக்கக் கூடாது. என் முதல் விமானத்தின் முதுகில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புப் பக்கம் இந்தப் பாட்டிலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

கோடு இன்னும் தெரிந்தால் பட்டி பார்க்க வேண்டியதுதான். லாரிக்குப் பூசும் என்.சி. பட்டியே போதும். மெல்லிசாக, இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இராத்திரி முழுக்கக் காயவிட்டு. மொத்தமாக அப்பினால் சுருங்கிப் பள்ளம் விழும், பிளாஸ்டிக்கையும் தின்னும். அதைத் தேய்த்து 1000 நம்பர் வாட்டர் பேப்பர் வரை வந்ததும் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சில்வர் பெயிண்ட் பூசிப் பாருங்கள். மிச்சமிருக்கும் கீறலை எல்லாம் அது காட்டிக் கொடுக்கும். அதனால்தான் முதல் மாடலை வெள்ளி நிறத்தில் முடிக்க வேண்டாம் என்கிறேன். சாம்பல் நிறம் நிறைய மன்னிக்கும்.

பெயிண்ட் ஸ்ப்ரேயைக் காலை வெயில் ஏறுமுன் அடியுங்கள். சித்திரை மதியத்தில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு ரவை கொட்டியது போல ஆகிவிடும். ஐப்பசி ஈரத்தில் வெள்ளைப் பூப்பு வரும்.

கிட்டில் வருவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர். அதற்கு முன் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அவசியம். சொரசொரப்பின்மேல் ஒட்டினால் அடியில் காற்று தங்கி, வெள்ளி போல மினுங்கும். ஊறவைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்துத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதற்கு, ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைக்கவென்றே கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டதே சாட்சி. போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் திட்டு நிற்கும், ஆர்.ஓ. தண்ணீரை எடுங்கள். நம் விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவில். ஸ்டிக்கர் தாளில் மாற்றி அச்சிட்டிருக்கிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள். எல்லாம் ஒட்டிக் காய்ந்தபின் மேலே மேட், அதாவது பளபளக்காத, வார்னிஷ்.

விமானியின் கண்ணாடி மூடியை இன்ஸ்டன்ட் பசையால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியைப் பால்போல் மூட்டமாக்கிவிடும். இங்கேதான் ஃபெவிகால்: காய்ந்தால் தெரியாது, பிதுங்கினால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

சக்கரங்களின் அடியை ஒரு இழை மட்டும் தேய்த்துத் தட்டையாக்குங்கள், எடை தாங்கி நிற்பது போலத் தோன்றும். கடைசியாக, மூக்கில் நீளும் பிட்டோ குழாய், அதாவது விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் குழாய். கிட்டில் வருவது தடியாக இருக்கும், தொட்டால் ஒடியும். மெல்லிய ஊசிமருந்து ஊசி புதியதாக ஒன்று வாங்கி, குறட்டால் கூர்முனையை நறுக்கிவிட்டுப் பொருத்துங்கள். நறுக்கும்போது கண்ணில் கண்ணாடி இருக்கட்டும், துண்டு எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. இதை மட்டும் மாடலை அலமாரியில் வைக்கும் நாளன்றுதான் ஒட்ட வேண்டும். அதற்கு முன் ஒட்டியவை எல்லாம் என் முழங்கை பட்டுப் போய்விட்டன.