நெஞ்சு நோவோடு ஒருவர் வந்தால்: முதல் பத்து நிமிடம்

கொழும்பில் ஈடியூ (அவசர சிகிச்சைப் பிரிவு) டியூட்டி தொடங்கப் போகிற டொக்டர்களுக்கு இது. வருகிறவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே "டொக்டர், காஸ்ட்ரிக் போலதான், இஞ்சி பிளேன்டீ குடிச்சும் போகல்ல" என்பார். அவரை நம்புங்கள், அவர் வைத்த பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

முதல் வேலை ஈசிஜி. வந்து 10 நிமிடத்துக்குள் எடுத்து, ஒரு டொக்டர் பார்த்திருக்க வேண்டும். கதை கேட்பதை வயர் ஒட்டும்போதே செய்யலாம். பிரஷர், ஒக்சிசன் அளவு, சீனி, கனுலா (நரம்பில் ஏற்றும் ஊசிக்குழாய்) எல்லாம் அதே நேரத்தில் நடக்கட்டும். ஈசிஜி வயர்களில் வீ1, வீ2 இரண்டும் நாலாவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் இரு பக்கமும் இருக்க வேண்டும். அவசரத்தில் எல்லோரும் ஒரு இடைவெளி மேலே ஒட்டிவிடுவோம், நானும் ஒட்டியிருக்கிறேன்.

அடுத்தது கதை. இதில்தான் மொழி காலை வாரும். "நோ இருக்கா?" என்று கேட்டால் சிலர் இல்லை என்பார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது நோவே இல்லை, அடைப்பு, பாரம், இறுக்கம். அதனால் "நெஞ்சுக்குள்ள என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். சலரோகம் உள்ளவர்கள், வயதான அம்மாமார் வெறும் வியர்வை, மூச்சுவாங்கல், சத்தியோடு மட்டும் வரலாம்.

இதயம் மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். கிழிப்பது போல முதுகுக்கு ஓடும் நோவா? இரண்டு கையிலும் பிரஷர் பாருங்கள், பெருநாடி கிழிந்தவருக்கு இரத்தக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் ஆளைக் கொன்றுவிடுவோம். ஒரு கால் வீங்கி மூச்சு வாங்கினால் நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். ஒரு பக்கம் மூச்சுச் சத்தமே இல்லாமல் பிரஷரும் விழுந்தால், எக்ஸ்ரேக்கு அனுப்பாமல், நுரையீரலைச் சுற்றி அடைபட்ட காற்றை உடனே இறக்க வேண்டும்.

மாரடைப்பு என்று பட்டால் ஒவ்வாமையும் இரத்தப்போக்கும் விசாரித்துவிட்டு அஸ்பிரின் 300 மில்லிகிராம், அப்படியே விழுங்காமல் மென்று தின்னச் சொல்லுங்கள். ஒக்சிசன் எல்லோருக்கும் தேவையில்லை, 90 வீதத்துக்குக் கீழே போனால்தான். நாக்குக்குக் கீழே வைக்கும் ஜிடிஎன் (இரத்தக் குழாயை விரிக்கும் மருந்து) விஷயத்தில் கவனம், அது பிரஷரை விழுத்தும்: மேல் பிரஷர் 90க்குக் கீழே என்றால் வேண்டாம், இதயத்தின் அடிப்பக்கத்தைக் காட்டும் 2, 3, ஏவிஎஃப் லீட்களில் (ஈசிஜியின் தனித்தனிப் பதிவுகள்) எஸ்டி என்ற கோட்டுப் பகுதி உயர்ந்திருந்தால், இதயத்தின் வலப்பக்கமும் அடிபட்டதா என்று பார்க்க முதலில் வலப்பக்க ஈசிஜி. ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போட்டாரா என்பதையும் கேட்க வேண்டும், மனைவியை வெளியே அனுப்பிவிட்டு. பக்கத்தில் வைத்துக் கேட்டால் யார்தான் ஆம் என்பார்கள்!

அடுத்தடுத்த லீட்களில் எஸ்டி உயர்ந்திருந்தால் ட்ரொப்போனினுக்கு (இதயத் தசை அடிபட்டதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) காத்திருக்காதீர்கள், உடனே கார்டியோலஜிக்கு அழையுங்கள். 120 நிமிடத்துக்குள் குழாய் விட்டு அடைப்பைத் திறக்க வழியில்லை என்றால், நோ தொடங்கி 12 மணித்தியாலம் தாண்டாதவருக்கு, தடை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கட்டி கரைக்கும் மருந்தான டெனெக்டிபிளேஸ் அல்லது ஸ்ட்ரெப்டோகைனேஸ்.

ஈசிஜி சரியாக இருக்கிறதா? நிம்மதி வேண்டாம். நோ தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிடத்தில் திரும்ப எடுங்கள். ட்ரொப்போனினும் ஒருமுறை போதாது, நோ தொடங்கிய உடனே எடுத்தது மாரடைப்பிலும் சரியாகவே இருக்கலாம். இரண்டும் சரி, ஆபத்தைப் புள்ளி போட்டுப் பார்க்கும் ஹார்ட் ஸ்கோரும் 3 அல்லது அதற்குக் கீழே என்றால் சீனியர் டொக்டரிடம் கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம்.

அனுப்பும்போது ஒன்று சொல்லுங்கள்: நோ திரும்ப வந்தால் 1990க்கு அழைக்கச் சொல்லி. அது சுவசெரிய அம்பியூலன்ஸ், அதற்குக் காசு இல்லை. வெள்ளவத்தையில் ஓட்டோ பிடித்து, பின்னேர காலி வீதி ட்ரஃபிக்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம்.